எதிர் இருக்கையில் அமர்ந்திருந்தவர்

கேள்வி: ஓர் இரவு ரயில் பயணத்தில் எதிர் இருக்கையில் இருந்த பெண்மணி, இறந்துபோன தம் மகனைப் பற்றி விடியும்வரை என்னிடம் பேசிக்கொண்டு வந்தார். பெயரைக்கூடக் கேட்காமல் இறங்கிவிட்டேன். பதினைந்து ஆண்டுகளாகியும் அவரை மறக்க முடியவில்லை. முன்பின் அறியாத என்னிடம் அவர் ஏன் மனத்தைத் திறந்தார்?
– ஒரு வாசகி

பதில்: நீங்கள் முன்பின் அறியாதவராக இருந்ததே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். மகனை இழந்த தாய் தம் வீட்டாரிடம் பேசத் தொடங்கினால், கேட்பவருக்கும் அதே காயம் இருக்கிறது. அவரைத் தேற்றும் பொறுப்பும் பேசுகிறவர் தலையிலேயே விழுந்துவிடுகிறது. உங்களிடம் அந்தப் பாரம் இல்லை. நெருங்கியவர்களிடம் கவனமாக மறைத்து வைக்கும் செய்திகளைக்கூட மனிதர்கள் அந்நியரிடம் பாவமன்னிப்புக் கேட்பவரைப் போல ஒப்புவித்துவிடுகிறார்கள் என்று ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1908ஆம் ஆண்டிலேயே எழுதினார். பேருந்தும் ரயிலும் டிராமும் வருவதற்கு முன்னர், ஒரு வார்த்தையும் பேசாமல் ஒருவரையொருவர் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை மனிதர்களுக்கு வாய்த்ததில்லை என்பதைக் கவனித்துச் சொன்னவரும் அவரே. அந்த மௌனத்தைத்தான் அந்தப் பெண்மணி அன்று உங்களை நம்பிக் கலைத்தார்.

எனக்கும் அப்படி ஒருவர் உண்டு. மழைநாளில் பேருந்தில் என் பக்கத்தில் அமர்ந்த முதியவர், மடியிலிருந்த எக்ஸ்ரே உறையின் மடங்கிய முனையை விரலால் நீவிக்கொண்டே, "வீட்டில் இன்னும் சொல்லவில்லை" என்றார். என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. உறை நனையாமலிருக்க, என் கையிலிருந்த பிளாஸ்டிக் பையைக் கொடுத்தேன். அவர் உறையை அதற்குள் வைத்து, வாயை இரண்டு முறை சுருட்டி, நெஞ்சோடு அணைத்தபடி இறங்கிப் போனார். அவர் வீட்டில் சொன்னாரா என்று இன்றும் மழை பெய்யும்போது நினைத்துக்கொள்வேன். ஆகவே, பெயர் கேட்காததற்காக நீங்கள் வருந்த வேண்டாம். கேட்டிருந்தால், அந்தப் பேச்சு அங்கேயே நின்றுபோயிருக்கவும் கூடும்.

கேள்வி: தினமும் ஒரே பேருந்தில் வரும் ஒருவரை இரண்டு ஆண்டுகளாகப் பார்க்கிறேன். பேச வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் நாளாக ஆகத் தயக்கம் கூடுகிறதே, குறையவில்லையே?
– ஒரு வாசகர்

பதில்: உங்கள் தயக்கம் இயல்பானது. இத்தகையோரைப் 'பழகிய அந்நியர்' என்று 1972ஆம் ஆண்டில் குறிப்பிட்ட அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம், பேசாமல் கழிந்த காலம் நீள நீளப் பேச்சைத் தொடங்குவது கடினமாகிறது என்றும், அதே இருவர் தொலைதூர ஊரொன்றில் சந்தித்தால் உடனே பேசிவிடுவார்கள் என்றும் விளக்கினார். ஒருநாள் பேருந்து பழுதாகி நின்றால் நீங்களும் பேசிவிடுவீர்கள். அதுவரை காத்திருக்கத்தான் வேண்டுமா? சிக்காகோவில் ரயிலிலும் பேருந்திலும் பயணம் செய்தவர்களை வைத்து நிகோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் ஆகிய இருவரும் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், பக்கத்தில் இருப்பவரோடு பேசும்படி கேட்டுக்கொள்ளப்பட்டவர்கள், தனிமையில் அமரும்படி கேட்டுக்கொள்ளப்பட்டவர்களைவிடத் தங்கள் பயணம் இனிமையாக இருந்ததாகக் கூறினார்கள். ஆனால், முன்கூட்டி ஊகிக்கச் சொன்னபோது மக்கள் நேர்மாறாகவே ஊகித்திருந்தார்கள். எதிரில் இருப்பவருக்குப் பேச விருப்பமிராது என்று இருவருமே நினைத்துக்கொண்டு, இருவருமே வாய்மூடி இருப்பதை எண்ணினால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. நாளை ஒரு புன்னகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவரும் புன்னகைத்தால், அடுத்த நாள், "இன்று வண்டி தாமதம், இல்லையா?" என்று கேளுங்கள்.

கேள்வி: பயணத்தில் பக்கத்தில் இருப்பவருக்குப் பேச விருப்பமில்லை என்பதை எப்படி அறிவது?
– மற்றொரு வாசகர்

பதில்: ஒற்றைச் சொல்லில் பதில் வந்து, பார்வை ஜன்னலுக்கோ கைப்பேசிக்கோ திரும்பிவிட்டால், அதுவே அவருடைய பதில். இரண்டாம் கேள்வி வேண்டாம். தனியாகப் பயணம் செய்யும் பெண்ணிடம், அதுவும் இரவு நேரத்தில், எங்கே இறங்குவார், எங்கே வசிக்கிறார் என்ற கேள்விகளை ஒருபோதும் கேட்க வேண்டாம்; நல்ல எண்ணத்தோடு கேட்டாலும் அவருக்கு அது அச்சத்தையே தரும்.