இணையக் கருத்தரங்கில் கேள்வி நேரம் அமைதியாகவே போய்விடுகிறதா?

முதல் கேள்வியை நீங்களே ஏற்பாடு செய்துவிடுங்கள். 20 நிமிட உரை முடிந்து "கேள்விகள் உண்டா?" என்றதும் யாருமே பேசுவதில்லை என்கிறீர்கள். ஆய்வுச் சுருக்கத்தை ஓர் ஆய்வு மாணவருக்கு முன்பே அனுப்பி, ஆய்வு முறையைப் பற்றி ஒரு கேள்வியோடு வரச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டாவது ஆள் பேசுவது எளிது. மூத்த பேராசிரியர் தொடங்கிவைத்தால் மாணவர்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.

அமைப்பிலும் சிக்கல் இருக்கலாம். ஜூமில் மீட்டிங்காக நடத்துகிறீர்களா, வெபினாராகவா? வெபினார் என்றால் நீங்கள் அனுமதித்தால்தான் பார்வையாளர் பேச முடியும். வேறொரு கணக்கில் பார்வையாளராக நுழைந்து கையை உயர்த்திப் பாருங்கள், தெரிந்துவிடும். கேள்வி-பதில் பகுதியில் பெயர் சொல்லாமல் கேட்கும் வசதியையும் திறந்து வையுங்கள். கூச்சப்படுபவர்களுக்கு அது பெரிய உதவி.

உரைகளை முன்பே பதிவுசெய்து கொடுத்துவிட்டு, நேரலையைக் கேள்விகளுக்கே ஒதுக்குவது இன்னும் நல்லது. அடிஸ் அபாபாவில் நடக்கவிருந்த ஐசிஎல்ஆர் 2020 என்ற இயந்திரக் கற்றல் மாநாடு இணையத்துக்கு மாறியபோது கட்டுரைகளுக்கு அப்படித்தான் செய்தார்கள்.

ஆனால் காணொளி நீளமாக இருந்தால் பலர் அதைப் பார்க்காமலே வருவார்கள். அதனால் நேரலையின் தொடக்கத்தில் உரையாளர் 2 நிமிடம் சுருக்கிச் சொல்லட்டும்.