கிறிஸ்துமஸ் இரவு முதல் புத்தாண்டு மணி வரை: ஜப்பானின் குளிர்காலப் பாடல்கள் – கேள்வி பதில்

ஜப்பானிய பாப் இசையில் குளிர்காலத்துக்கும் ஆண்டிறுதிக்கும் உரிய பாடல்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

கேள்வி: ஜப்பானில் கிறிஸ்தவர்கள் மிகச் சிலரே. பிறகு ஏன் இத்தனை கிறிஸ்துமஸ் பாடல்கள்?

மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் அங்கே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். டிசம்பர் 25 பொது விடுமுறைகூட அன்று. ஆனால் டிசம்பர் 24 இரவு காதலர்கள் சந்திக்கும் இரவாக நிலைபெற்றுவிட்டது. அந்த வழக்கம் வேரூன்றியதில் பாப் பாடல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1980-இல் யூமி மட்சுதோயா வெளியிட்ட 'கொய்பிதோ கா சாண்டா குளோஸ்' பாடலில், பக்கத்து வீட்டு நாகரிகப் பெண் ஒரு சிறுமியிடம், இன்றிரவு எட்டு மணிக்குத் தன் வீட்டுக்குச் சாண்டா வருவார் என்று சொல்கிறாள். வரப்போவது அவளுடைய காதலர் என்பது, தானும் அந்த வயதை எட்டிய பிறகுதான் சிறுமிக்குப் புரிகிறது. குழந்தைகளின் பண்டிகை இளைஞர்களின் கைக்கு மாறிய கதையை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன பாடல் வேறில்லை என்பேன்.

கேள்வி: தட்சுரோ யமாஷிதாவின் 'கிறிஸ்துமஸ் ஈவ்' ஆண்டுதோறும் தரவரிசையில் திரும்ப வருகிறதாமே? அதில் அப்படி என்ன இருக்கிறது?

1983-இல் வெளியானபோது அது பெரிய வெற்றி எதையும் பெறவில்லை. ஜப்பானின் தேசிய ரயில்வே 1987-இல் பல நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்ட பின், அவற்றில் ஒன்றான ஜே.ஆர். தோக்காய் தன் ஷின்கான்சென் அதிவேக ரயில்களுக்காக 1988 முதல் கிறிஸ்துமஸ் விளம்பரங்களை எடுத்து, அவற்றில் இந்தப் பாடலைச் சேர்த்தது. 1989-இல் வந்த விளம்பரத்தில், பரிசுப் பெட்டியை அணைத்தபடி நகோயா நிலையத்துக்குள் ஓடிவரும் இளம்பெண், தான் எதிர்பார்த்திருந்தவர் வருவதைக் கண்டதும் ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். அந்த டிசம்பரில்தான் பாடல் முதலிடத்தைப் பிடித்தது. முப்பது ஆண்டுகள் இடைவிடாமல் முதல் நூறு இடங்களுக்குள் வந்ததற்காக 2016-இல் கின்னஸ் சான்றும் கிடைத்தது.

விளம்பரம் சந்திப்பைக் காட்டுகிறது. பாடலோ, வரமாட்டாள் என்று தெரிந்தே காத்திருப்பவனின் தனிமையைச் சொல்கிறது. இந்த முரண் யாரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை. ஒருவேளை மெட்டு அத்தனை இதமாக இருப்பதால், சொல்லில் உள்ள ஏமாற்றம் காதுக்கு எட்டுவதற்குள் மனம் சமாதானமாகிவிடுகிறது போலும். பாடலின் நடுவே கருவிகள் ஒதுங்கி, பாஹல்பெல் என்ற ஜெர்மானிய இசையமைப்பாளரின் 'கேனன்' மனிதக் குரல்களால் மட்டும் ஒலிக்கும் ஒரு பகுதி வரும். அங்கே கேட்கும் அத்தனை குரல்களும் யமாஷிதா ஒருவருடையவையே; ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பதிவு செய்து அடுக்கியிருக்கிறார். தலையணிக் கருவியில் கேட்டால் இந்த அடுக்குகள் தெளிவாகத் தெரியும்.

அவருடைய மனைவி மரியா தகேஉச்சி பாடிய 'சுதேக்கி நா ஹாலிடே', கென்டக்கி பொரித்த கோழி விளம்பரத்தின் வழியாக நாடறிந்தது. ஜப்பானியக் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்கு அந்தக் கோழியை வாங்கும் பழக்கம் 1974-இல் தொடங்கிய விளம்பர இயக்கத்தால் வளர்ந்தது. ஆக, டிசம்பரின் ரயிலும் கோழியும் ஒரே வீட்டின் குரல்களில்தான் விற்பனையாகியிருக்கின்றன!

கேள்வி: கிறிஸ்துமஸ் சாயலே இல்லாத, முதியவர்களும் விரும்பும் குளிர்காலப் பாடல் ஒன்றைச் சொல்லுங்கள்.

தயக்கமின்றி, சயூரி இஷிகாவாவின் 'ட்சுகாரு கைக்யோ ஃபுயுகெஷிக்கி'. 1977-இல் வந்த இது, என்கா என்னும் உணர்ச்சி மிகுந்த பாணியைச் சேர்ந்தது. யூ அகு எழுத, தகாஷி மிகி இசையமைத்தார். டோக்கியோவின் உவேனோ நிலையத்தில் இரவு ரயில் ஏறிய பெண் பனி மூடிய ஆவோமோரியில் இறங்கி, ஹொக்கைடோ தீவுக்குப் போகும் கப்பலில் ஏறுகிறாள். உடன் வரும் கூட்டத்தில் ஒருவரும் பேசுவதில்லை, கடலின் இரைச்சல் மட்டுமே கேட்கிறது. பிரிவைப் பற்றி அவள் ஏறக்குறைய எதையும் விளக்குவதில்லை. நிலையம், கப்பல், மூச்சுப்பட்டு மங்கிய கண்ணாடி, தொலைவில் தெரியும் தாப்பி முனை என்று கண்ணில் படுவதையே வரிசையாகச் சொல்லிச் செல்கிறாள். துயரம் தானாக வந்து சேர்ந்துகொள்கிறது. குரலைச் சுழற்றி நடுக்கும் என்கா உத்தியைக் கமகம் கேட்டுப் பழகிய காதுகள் எளிதில் இனம்காணும்.

ஆவோமோரிக்கும் ஹொக்கைடோவுக்கும் இடையிலுள்ள ட்சுகாரு நீரிணைக்கு அடியில் செய்கான் சுரங்கப்பாதை திறக்கப்பட்டதும், 1988 மார்ச்சில் அந்த ரயில்வே கப்பல் சேவை முடிந்துபோனது. பாடலில் உள்ள பயணத்தை இன்று அப்படியே மேற்கொள்ள முடியாது. தாப்பி முனையில் இதற்கென ஒரு நினைவுக்கல் உண்டு. அதிலுள்ள பொத்தானை அழுத்தினால், அந்த முனையின் பெயர் வரும் இரண்டாம் சரணத்திலிருந்தே பாட்டு தொடங்கும்.

கேள்வி: பனியைப் பாடும் புதிய பாடல்களில் எவை முக்கியம்?

மிகா நகாஷிமாவின் 'யுகி நோ ஹனா' (2003) முதலில் வரும். ஆண்டின் முதல் பனி விழும்போது அன்புக்குரியவரோடு தோள்சேர்ந்து நிற்கும் நிறைவைப் பாடுவது அது. மறு ஆண்டே கொரியாவில் பார்க் ஹ்யோ ஷின் அதைத் தம் மொழியில் பாடினார். தொலைக்காட்சித் தொடரொன்றின் மூலம் அங்கும் அது பரவியது. ரெமியோரோமென் குழுவின் 'கொனாயுகி' (2005) அடங்கிய குரலில் தொடங்கி, பல்லவியில் தொண்டை கிழியும் உச்சத்துக்குப் போகும். கரோக்கே அறைகளில் பலர் அந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். 'க்ளே' குழுவின் 'விண்டர், அகெய்ன்' 1999-க்கான ஜப்பான் இசைத்தட்டு விருதைப் பெற்றது. அக்குழு ஹொக்கைடோவின் ஹகோதாத்தே நகரில் உருவானது என்பதால், அதில் பெய்யும் பனி அலங்காரப் பனியாக இல்லை. டோக்கியோவில் பனி குளிர்காலத்தில் ஒருசில நாட்களே விழும். பெரும்பாலான பனிப் பாடல்களில் அது அரிய விருந்தாளியாக வருவதற்கு அதுவே காரணம். வடக்கே அது தினசரி வாழ்க்கை.

கேள்வி: பனிச்சறுக்குக்கும் தனிப் பாடல்கள் உண்டா?

உண்டு. கோமி ஹிரோசேயின் 'ரொமான்ஸ் நோ காமிசாமா' (1993), அல்பென் என்ற விளையாட்டுப் பொருள் கடைகளின் விளம்பரப் பாடலாக வந்து பெருவெற்றி பெற்றது. கேட்க உற்சாகமானது, ஆழம் தேடாதீர்கள்.

கேள்வி: டிசம்பர் 31 இரவின் 'கோஹாக்கு' நிகழ்ச்சியை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

பாடகியர் சிவப்பு அணி, பாடகர் வெள்ளை அணி. இரண்டும் மோதும் 'கோஹாக்கு உதா கஸ்ஸென்' நிகழ்ச்சியை ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 1951 ஜனவரி 3 அன்று வானொலியில் தொடங்கியது. புத்தாண்டு நாட்களில் பெரிய அரங்குகள் கிடைக்காததால் அது டிசம்பர் 31-க்கு மாற்றப்பட்டது. அதனால் 1953-இல் மட்டும் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இருமுறை நடந்தது. 1963-இல் டோக்கியோவைச் சூழ்ந்த கான்டோ பகுதியில் அதன் பார்வையாளர் விகிதம் 81.4 சதவீதம். அந்த உயரம் மீண்டும் வரப்போவதில்லை. வீட்டுக்கு ஒரே தொலைக்காட்சி, பாட்டி முதல் பேரன் வரை ஒரே அறை என்ற காலம் அது. இசைத்தட்டு விருது விழாவும் 2005 வரை அதே இரவில்தான் நடந்தது என்பதால், முன்னணிப் பாடகர்கள் ஓர் அரங்கிலிருந்து இன்னோர் அரங்குக்கு அரக்கப்பரக்க ஓடியதும் அந்த இரவின் ஒரு காட்சியாகவே இருந்தது. 2006 முதல் விருது விழா டிசம்பர் 30-க்குப் போய்விட்டது.

எந்த அணி வென்றது என்பதை மறுநாள் எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. எனக்கு முக்கியம் அதன் இறுதி நிமிடங்கள். அனைவரும் சேர்ந்து 'ஹோதாரு நோ ஹிகாரி' பாடுவார்கள். ஸ்காட்லாந்து நாட்டு மெட்டுக்கு மெய்ஜி காலத்தில் (1868–1912) ஜப்பானியச் சொற்கள் எழுதிப் பள்ளிகளில் கற்பித்த பாட்டு அது. காகிதத் துணுக்குகள் பறக்க, அரங்கம் ஆரவாரிக்க, மணி 11.45 ஆனதும் ஒளிபரப்பு சட்டென்று ஓர் இருண்ட கோயில் வளாகத்துக்கு மாறும். 108 முறை அடிக்கப்படும் ஆண்டிறுதி மணியின் ஓசை கேட்கத் தொடங்கும். இத்தனை துணிச்சலான காட்சி மாற்றத்தை வேறெந்தத் தொலைக்காட்சியிலும் நான் பார்த்ததில்லை.

கேள்வி: கடைகள் மூடும்போது ஒலிப்பதும் இந்தப் பாட்டுதானே?

மெட்டு ஒன்றே, தாளம் வேறு. கடைகளில் பொதுவாக ஒலிப்பது, யூஜி கொசெகி மூன்று தட்டுத் தாளத்தில் அமைத்த 'வகாரே நோ வால்ட்ஸ்' என்ற இசைவடிவம்.

கேள்வி: 'நகோரி யுகி' பாடலை டிசம்பர் தொகுப்பில் சேர்க்கலாமா?

வேண்டாம். டோக்கியோ ரயில் மேடையில், பருவம் தப்பிப் பெய்யும் கடைசிப் பனியில் நிகழும் விடைபெறலைப் பாடுவது அது. மார்ச் மாதத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: புத்தாண்டுக்கென்றே பாப் பாடல்கள் இருக்கின்றனவா?

வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. டிசம்பர் 25 இரவு முடிந்ததும் கடைகள் அலங்கார மரங்களை அகற்றி, மூங்கிலும் பைனும் சேர்த்துக் கட்டிய கதோமாட்சுவை வாசலில் வைத்துவிடும். ஒலிபெருக்கியில் மிச்சியோ மியாகி 1929-இல் இயற்றிய 'ஹாரு நோ உமி' என்னும், கோட்டோ என்ற நரம்புக் கருவியும் ஷாகுஹாச்சி என்ற மூங்கில் குழலும் சேர்ந்த இசை வந்துவிடும். பாப் இசை அந்தச் சில நாட்களுக்கு மரபிசைக்கு வழிவிடுகிறது. விதிவிலக்காக, யூமி மட்சுதோயாவின் 1981 இசைத்தொகுப்பில் 'எ ஹாப்பி நியூ இயர்' என்ற பாடல் இருக்கிறது: பியானோவை ஒட்டி நடக்கும், ஆர்ப்பாட்டமில்லாத பாட்டு. ஆண்டின் முதல் நாளில் காதலரிடம் முந்திப் போய்ச் சேர விரும்பும் ஒருத்தியின் அவசரத்தை, அவசரமே இல்லாத குரலில் பாடியிருக்கிறார். இந்தப் பதில்களிலிருந்து ஒன்றை மட்டும் கேட்க நேரமிருந்தால், இதைக் கேளுங்கள்.