கேள்வி – பதில்: கப்பலில் பெட்டிகளும் வீட்டு நாயும்

கடல் கடந்து கப்பலில் போகிறவர்கள் தங்கள் பெட்டிகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் என்ன செய்வது என்று கேட்டுக் குமரி மாவட்ட வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

என் மகள் குடும்பம் பல ஆண்டுகளாக இங்கிலாந்தில் இருக்கிறது. இப்போது மருமகனுக்கு அமெரிக்காவில் நியூஜெர்சிக்கு வேலை மாற்றம். இங்கிலாந்திலேயே வாங்கி வளர்க்கும் பக் இன நாயை விமானத்தில் ஏற்றப் பயந்து, சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்குக் கப்பலில் போக எண்ணுகிறார்கள். என்னையும் துணைக்கு அழைக்கிறார்கள். நாயை எங்கள் அறையிலேயே வைத்துக்கொள்ளலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, வடசேரி

அறையில் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் உங்கள் மகள் எடுத்திருக்கும் முடிவு நல்ல முடிவு. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுக்குழாய் குறுகலானது. வெப்பமும் பதற்றமும் சேர்ந்தால் அவை மூச்சுவிடத் திணறும். இந்தக் காரணத்தாலேயே பல விமான நிறுவனங்கள் அவற்றை ஏற்றுவதில்லை.

அந்தப் பாதையில் நாய், பூனைகளை ஏற்றிச் செல்வது குனார்டு நிறுவனத்தின் குயின் மேரி 2 என்னும் கப்பல். 2004-ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய அந்தக் கப்பல் ஏறத்தாழ ஏழு இரவுகளில் அட்லாண்டிக்கைக் கடக்கிறது. அதன் பன்னிரண்டாம் தளத்தில் பிராணிகளுக்கென்று கூண்டறைகள் இருக்கின்றன. 2016-இல் கப்பலைப் புதுப்பித்தபோது அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். அப்படியும் மொத்தம் இருபதுக்குச் சற்று மேல்தான். ஆயிரக்கணக்கானோர் பயணம் செய்யும் கப்பலில் இத்தனை நாய்களுக்குத்தான் இடம் என்பதால், பல மாதங்களுக்கு முன்பே, சில சமயம் ஓராண்டுக்கும் முன்பே அவை நிரம்பிவிடுகின்றன. ஆகவே முதலில் கூண்டறை கிடைக்கும் தேதியை உறுதி செய்துகொண்டு, அதற்கு ஏற்றபடி உங்கள் மருமகன் வேலையில் சேரும் நாளைப் பேசி முடிக்கட்டும். மனிதர்களுக்குச் சீட்டு எடுத்துவிட்டு நாய்க்கு இடம் தேடுகிறவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

கூண்டறைகளுக்குப் பொறுப்பான ஊழியர் ஒருவர் இருப்பார். உணவு கொடுப்பது, கூண்டைச் சுத்தம் செய்வது, தளத்தில் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் நடத்திக்கொண்டு போவது எல்லாம் அவர் பணி. குறிப்பிட்ட நேரங்களில் உரிமையாளர்கள் சென்று நாயுடன் இருக்கலாம். அவர்கள் உட்கார்ந்திருக்க ஓர் அறையும் உண்டு. நாய்கள் காலைத் தூக்குவதற்காக அந்தத் தளத்தில் இங்கிலாந்து பாணித் தெருவிளக்குக் கம்பம் ஒன்றையும், அமெரிக்கத் தெருக்களில் காணும் தீயணைப்புக் குழாய்க் கம்பம் ஒன்றையும் நட்டு வைத்திருக்கிறார்கள். இரு நாட்டு நாய்களுக்கும் வீட்டு நினைவு வந்துவிடக் கூடாது என்ற அக்கறையோ என்னவோ!

கூண்டறை ஊழியர் கால்நடை மருத்துவர் அல்லர் என்பதை மறக்க வேண்டாம். நாய் ஏதாவது மருந்து சாப்பிடுகிறது என்றால் முழுப் பயணத்துக்கும் தேவையான அளவை, எந்த வேளைக்கு எவ்வளவு என்று எழுதிய தாளுடன் அவரிடம் ஒப்படைக்க வேண்டும். பழகிய உணவையே கொடுத்தனுப்புவதும் நல்லது. மகளின் பழைய போர்வை ஒன்றைத் துவைக்காமல் கூண்டில் போட்டுவைத்தால், பழகிய வாசனையில் நாய் சற்று அமைதியாக உறங்கும்.

உங்களைப் பற்றியும் ஒரு சொல். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கப்பலில் போனாலும் அமெரிக்க விசாவை முன்பே பெற்றிருக்க வேண்டும். துறைமுகத்தில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கள் வீட்டு லாப்ரடாருக்கு ஒன்பது வயது. மகனோடு அமெரிக்காவில் போய்த் தங்கப் போகிறோம். நாயை விமானத்தின் சரக்குப் பகுதியில் அடைக்க மனம் வரவில்லை. இங்கிருந்து கப்பலிலேயே கொண்டுபோக வழி உண்டா?
– வாசகர், மார்த்தாண்டம்

இல்லை. ஏன் இல்லை என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் மேலே சொன்ன கப்பலைப் பற்றிக் கேள்விப்பட்டு, பாதி வழி விமானம், மீதி வழி கப்பல் என்று திட்டமிடுகிறவர்கள் உண்டு.

கொச்சியிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ அமெரிக்காவுக்கு வழக்கமான பயணிகள் கப்பல் கிடையாது. எனவே நாயை முதலில் இங்கிலாந்துக்கு விமானத்தில்தான் கொண்டுபோக வேண்டும். பிரிட்டனுக்கு வரும் விமானங்களில் நாய்கள் சரக்காகவே பதிவு செய்யப்பட்டு வர வேண்டும் என்பது விதி. எதைத் தவிர்க்க நினைத்தீர்களோ அது முதல் அடியிலேயே வந்துவிடுகிறது.

அடுத்தது காகிதங்கள். வெறிநாய்க்கடி நோய் (ரேபிஸ்) இன்னும் கட்டுக்குள் வராத நாடுகளில் ஒன்றாக இந்தியாவைக் கருதுவதால், பிரிட்டன் நம் நாய்களுக்குக் கூடுதல் நிபந்தனைகள் வைத்திருக்கிறது. முதலில் நாயின் தோலுக்கடியில், அடையாள எண் கொண்ட மைக்ரோசிப் பொருத்த வேண்டும். அதன் பிறகே ரேபிஸ் தடுப்பூசி. சிப் பொருத்துவதற்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது. ஊசி போட்டு 30 நாள் கழிந்த பின் ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் எதிர்ப்பாற்றலைச் சோதிக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இவை போக, அங்கே போய் இறங்குவதற்கு முன்பு, 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மிகாமலும் நாடாப்புழு மருந்தை ஒரு கால்நடை மருத்துவர் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். இந்தப் பக்கம் ஏற்றுமதிச் சான்றிதழுக்கு, ஒன்றிய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையத்தை அணுக வேண்டும். நமக்குத் தமிழ்நாட்டுக்குள் அது சென்னையில் இருக்கிறது. மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் பக்கம்தானே என்று அந்தப் பயணத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவையும் செய்து முடித்தாலும் கடைசிக் கதவு அமெரிக்காவில் மூடிக்கொள்கிறது. 2024 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ள அந்நாட்டு நோய்த்தடுப்பு மையத்தின் விதிப்படி, முந்தைய ஆறு மாதத்துக்குள் ரேபிஸ் அபாயம் மிகுந்த நாட்டில் இருந்து, அமெரிக்காவுக்கு வெளியே தடுப்பூசி போட்டுக்கொண்ட நாய், அதற்கென்று பதிவு பெற்ற பராமரிப்பு நிலையம் உள்ள சில விமான நிலையங்கள் வழியாக மட்டுமே உள்ளே நுழைய முடியும். அதாவது, இங்கிருந்து போன உங்கள் நாய் இங்கிலாந்தில் ஆறு மாதம் தங்கியிருந்தால் ஒழிய, கப்பலில் போய் நியூயார்க் துறைமுகத்தில் இறங்க முடியாது. வடசேரி ஆசிரியையின் மகள் வளர்க்கும் நாய்க்கு இந்தத் தொல்லை இல்லை. அது இங்கிலாந்திலேயே வளர்ந்த நாய்.

நேராக விமானத்தில் கொண்டுபோவது ஒரு வழி. அதற்கும் மேலே சொன்ன அமெரிக்க விதிகள் உண்டு என்பதால், அந்த நாட்டுக்கு நாய்களை அனுப்பிப் பழகிய முகவரைப் பிடிப்பது நல்லது. எங்கள் கருத்தைக் கேட்டால், லாப்ரடாருக்கு ஒன்பது வயது என்பது முதுமையின் வாசல். உங்கள் தம்பி வீட்டிலோ, நாய் நன்றாகப் பழகிய பக்கத்து வீட்டிலோ மனமார ஏற்றுக்கொள்கிறவர்கள் இருந்தால், அதன் மிச்ச ஆயுளை அதே முற்றத்தில் கழிக்க விடுங்கள். நீங்கள் புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அவர்கள் கையால் சோறு வைக்கத் தொடங்க வேண்டும்.

கப்பலில் எவ்வளவு சாமான் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்கிறார்களே, உண்மையா? லண்டனில் இருக்கும் அக்காளோடு நியூயார்க்குக்குக் கப்பலில் போகிறேன். அங்குள்ள பேரப்பிள்ளைகளுக்காக ஏத்தங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து, மட்டிப்பழம், தேங்காய் எண்ணெய் எல்லாம் கொண்டுபோக ஆசை.
– குடும்பத் தலைவி, தக்கலை

கப்பல் தாராளம்தான். அறையில் வைக்க இடமிருந்து, ஒவ்வொரு பெட்டியும் 23 கிலோவுக்குள் இருந்தால், எண்ணிக்கையைப் பற்றி அவ்வளவாகக் கேட்பதில்லை. ஆனால் நீங்கள் திருவனந்தபுரத்திலிருந்து லண்டனுக்கு விமானத்தில் போகிறீர்கள். திரும்பி வருவதும் விமானம் என்றால் அந்த எடைக் கணக்குதான் உங்களைக் கட்டுப்படுத்தும்.

துறைமுகத்தில் சுமையாளர்கள் பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அவை உங்கள் அறை வாசலுக்கு வந்துசேரச் சில மணி நேரமாகும், மாலைகூட ஆகிவிடலாம். அதனால் கடவுச்சீட்டு, மருந்து, மூக்குக்கண்ணாடி, ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையிலேயே இருக்க வேண்டும். நாய் வைத்திருப்பவர்கள் அதன் சான்றிதழ்களையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பெட்டிகளில் ஒட்டக் கொடுக்கும் அடையாளச் சீட்டில் பெயரும் அறை எண்ணும் இருக்கும். அதைக் கைப்பிடியில் இறுக்கமாகச் சுற்றி ஒட்டுங்கள்.

இறங்குவதற்கு முந்தைய இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள்; மறுநாள் அவற்றைக் கரையில்தான் பார்க்கலாம். முதன்முறை போகிறவர்கள் உற்சாகத்தில் எல்லாவற்றையும் மடித்து உள்ளே வைத்துப் பூட்டி வெளியே தள்ளிவிட்டு, காலையில் உடுத்தச் சேலையும் போடச் செருப்பும் இல்லாமல் விழிப்பது வழக்கம். காலை உடுப்பைக் கட்டில்மேல் எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டுங்கள்.

இனிப் பலகாரங்கள். கடையில் முத்திரையிட்டு அடைத்த சிப்ஸ் பொட்டலங்களால் சிக்கலில்லை. முந்திரிக்கொத்தையும் அச்சப்பத்தையும் அப்படி அடைத்து விற்கும் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் செய்தவற்றைக் கப்பலில் ஏற்றும்போது மறுக்கக்கூடும். பாலில் செய்த இனிப்புகளையும் இறைச்சிப் பண்டங்களையும் பிரிட்டனுக்குள் கொண்டுபோகவே கூடாது. மட்டிப்பழத்தை ஊரிலேயே தின்றுவிட்டுப் போங்கள். பழங்களுக்கு அமெரிக்கச் சுங்கத்தில் கெடுபிடி மிகுதி. கறிவேப்பிலையை எலுமிச்சைக் குடும்ப மரங்களைத் தாக்கும் பூச்சிக்கு ஊடகம் என்று கருதி, பச்சை இலையாகக் கொண்டுவர அங்கே தடை இருக்கிறது. எது கொண்டுபோனாலும் படிவத்தில் எழுதிவிடுவது பாதுகாப்பு. எழுதாமல் பிடிபட்டால் அபராதம். தேங்காய் எண்ணெய்க் குப்பியின் மூடிக்குக் கீழே ஒரு துண்டு பிளாஸ்டிக் தாள் வைத்து இறுக்கி, இரண்டு உறைகளுக்குள் போட்டு, துணிகளுக்கு நடுவே நிறுத்தி வையுங்கள். இங்கிலாந்தின் குளிரில் எண்ணெய் உறைந்துவிடும். சூடான அறைக்கு வந்ததும் இளகி ஒழுகும். இஸ்திரிப் பெட்டி, மின்கெண்டி இரண்டும் வேண்டாம். தீ விபத்துக்கு அஞ்சிக் கப்பலில் அவற்றை எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

எங்கள் தாத்தா மலேயாவிலிருந்து ரஜூலா கப்பலில் கொண்டுவந்த இரும்பு டிரங்குப் பெட்டி இன்னும் உறுதியாக இருக்கிறது. அதையே என் கப்பல் பயணத்துக்குப் பயன்படுத்தலாமா?
– வாசகர், கொட்டாரம்

1926-இல் கட்டப்பட்டு, 1970-களின் தொடக்கம் வரை சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய கப்பல் அது. அந்தக் காலக் கடல் பயணங்களில், பயணத்தின்போது தேவைப்படாத பெட்டிகளுக்குத் தனிச் சீட்டு ஒட்டி அடித்தளச் சரக்கறையில் இறக்கிவிடுவார்கள். அறைக்குச் சிறிய பெட்டி மட்டும் போகும். டிரங்குப் பெட்டி அந்த ஏற்பாட்டுக்குப் பொருந்தியது. இப்போது எல்லாப் பெட்டியும் அறைக்கே வருகிறது. கட்டிலுக்கு அடியில் நுழையாத பெட்டியைப் பயணம் முடியும்வரை தாண்டித் தாண்டி நடக்க வேண்டியிருக்கும். தாத்தாவின் பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும்.

பூனையையும் கிளியையும் குயின் மேரி 2 கப்பலில் ஏற்றுவார்களா?
– மாணவி, குலசேகரம்

பூனையை ஏற்றுவார்கள். மணல் தட்டுக்கும் சேர்த்து இரண்டு கூண்டறைகளாகப் பதிவு செய்ய வேண்டும். கட்டணமும் அதற்கேற்பக் கூடும். கிளிக்கு இடமில்லை. அது நம் ஊர்ப் பச்சைக் கிளி என்றால், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் கூண்டில் வைத்திருப்பதே குற்றம்.

கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குக் கப்பலில் போகிறோம். எங்கள் சிறிய நாயைக் கூடையில் வைத்துக் கொண்டுபோகலாமா?
– வாசகர், குளச்சல்

கூடாது. லட்சத்தீவு ரேபிஸ் இல்லாத பகுதி. அதைக் காப்பதற்காக அங்கே நாய்களுக்கு அனுமதியில்லை. உங்களுக்கும் நுழைவு அனுமதிச் சீட்டு தேவை. அதை முன்கூட்டியே பெற்ற பிறகு பயணச் சீட்டு எடுங்கள்.