சைவ வீட்டில் ஓர் ஆஃப்பாயில்

கேள்வி: மே மாத நடுவில் என் மகளுக்கு ஏழாவது பிறந்தநாள். மொட்டைமாடியில் பந்தல் போட்டு இருபத்தைந்து குழந்தைகளை அழைக்கிறோம். சென்ற ஆண்டு பாக்கெட் ஜெல்லி செய்தேன். கேக் வெட்டுவதற்குள் கிண்ணத்தில் சர்பத்துதான் மிஞ்சியது. இந்த முறை, பார்த்ததும் குழந்தைகள் சிரிக்கிற மாதிரி ஓர் இனிப்பு வேண்டும். எங்கள் வீடு சைவம். மாமியாரும் சாப்பிட வேண்டும்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: சென்ற ஆண்டு நடந்ததற்கு உங்கள் கைப்பக்குவத்தைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் வாங்கியது ஜெலட்டின் சேர்த்த ஜெல்லியாக இருந்திருக்கும். ஜெலட்டின் 30 முதல் 35 டிகிரிக்குள் இளகிவிடும். வாயில் போட்டதும் அது கரைவது அதனால்தான். கத்திரி வெயிலில் உங்கள் மொட்டைமாடி அந்தச் சூட்டைக் காலையிலேயே தாண்டிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படுவது. உங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை. இனி எந்த ஜெல்லி பாக்கெட் வாங்கினாலும் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

உங்களுக்கு ஏற்றது கடல்பாசி. கும்பகோணத்தில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. பெரிய மளிகைக் கடைகளில் அகர் அகர் என்றோ சைனா கிராஸ் என்றோ கேட்டால் கொடுப்பார்கள். நாகூரிலும் அதிராம்பட்டினத்திலும் நோன்பு திறக்கும் வேளையில் ரோஜா நிறத்திலும் வெள்ளையிலும் துண்டு போட்டு வைப்பார்களே, அதே கடல்பாசிதான். கடல் தாவரத்திலிருந்து வருவதால் சுத்த சைவம். 40 டிகிரிக்குக் கீழே வந்தால் கட்டிக்கொள்ளும். மறுபடி உருக வேண்டுமானால் ஏறக்குறைய 85 டிகிரி வேண்டும். மின்சாரம் போனாலும் கவலையில்லை. கடைக்காரர் பாதாம் பிசினை எடுத்துக் கொடுத்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது ஊறினால் தான் மட்டும் உப்பும், பாலைக் கட்டவைக்காது.

இப்போது வேடிக்கைக்கு வருவோம். பிஸ்கட் தூளை மண்போலத் தூவிய பூந்தொட்டி, தர்ப்பூசணி ஓட்டில் ஜெல்லி என்று பல உண்டு. நான் உங்களுக்குச் சொல்வது ஆஃப்பாயில். வெள்ளைக்கரு தேங்காய்ப்பால், மஞ்சள்கரு மாம்பழம். சைவ வீட்டுப் பிறந்தநாளில் தட்டில் முட்டை வந்தால் ஏழு வயதுக் குழந்தைகள் என்ன பாடுபடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மஞ்சள்கருவை முதலில் செய்யுங்கள். கடல்பாசி இழை 3 கிராம் போதும். 10 கிராம் பாக்கெட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. இழையை அரைமணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து, 150 மில்லி தண்ணீரில் போட்டு, கண்ணுக்கு ஓர் இழைகூடத் தெரியாதவரை கொதிக்கவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் கடல்பாசி சரியாகக் கட்டாமல் போவது இந்த இடத்தில்தான். சூடான தண்ணீரில் அது கரையாது; கொதிக்கத்தான் வேண்டும். அடுப்பை அணைத்த பிறகு, 200 மில்லி மாம்பழக் கூழைக் கலந்து கொள்ளுங்கள். கூழை அடுப்பிலேயே சேர்த்துக் கொதிக்கவிட்டால் புளிப்பு கடல்பாசியின் பிடிப்பைக் குறைத்துவிடும். குளிர்ந்த கூழைக் கொட்டினால் திரிதிரியாகிவிடும். ஆகவே கூழ் வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

அச்சுக்கு ஓட்டை இல்லாத மினி இட்லித் தட்டு. பணியாரக் கல்லும் ஆகும், ஆனால் போன வாரம் வெங்காயம் போட்டு ஊற்றியிருந்தால் மாம்பழத்துக்கு அந்த வாசனை வந்துவிடும். மினி இட்லிக் குழி ஆழமில்லாதது என்பதும் வசதி. நிஜ மஞ்சள்கருவின் மேடு கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஒரே தட்டு இருந்தால் இரண்டு முறை ஊற்றிக்கொள்ளுங்கள். பாத்திரத்தில் மீதி கட்டிவிட்டால் ஒரு கரண்டி தண்ணீர் விட்டுச் சூடாக்கினால் இளகிவிடும்.

வெள்ளைக்கு இழை 10 கிராம், தண்ணீர் 400 மில்லி. அதுவும் முழுதாகக் கரைந்த பிறகு 100 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. பிறகு தணலைக் குறைத்து, கெட்டித் தேங்காய்ப்பால் 350 மில்லியும் காய்ச்சிய பசும்பால் 250 மில்லியும் வெதுவெதுப்பாகச் சேருங்கள். தேங்காய்ப்பால் மட்டும் ஊற்றினால் ஆறும்போது மேலே எண்ணெய்ப் படலம் நிற்கும். முட்டை மாதிரி இருக்காது. தேங்காய்ப்பால் சேர்ந்தபின் கொதி வந்தால் திரிந்துவிடும், பக்கத்திலேயே நில்லுங்கள். ஒரு கரண்டி எடுத்துக் குளிர்ந்த தட்டில் விட்டுப் பாருங்கள். ரப்பர் போல இருந்தால் இன்னும் கொஞ்சம் பால். சொதசொதவென்று இருந்தால் தனியாக இன்னும் கொஞ்சம் இழையைக் கொதிக்கவைத்துச் சேர்க்கலாம். இழைக்குப் பதில் பொடி கிடைத்தால் 6 கிராமில் தொடங்குங்கள். பொடிக்குப் பிடிப்பு அதிகம்.

ஊற்றுவதில்தான் விஷயமே இருக்கிறது. சின்னத் தட்டுகள் இருபத்தைந்து வேண்டும். வாடகைப் பாத்திரக் கடையில் கேளுங்கள். தட்டுக்கு ஒரு சிறு கரண்டி, நடுவிலிருந்து ஊற்றி, ஒருபக்கமாகச் சாய்த்து ஓடவிடுங்கள். வட்டமாக வந்தால் அப்பம்; கோணல்மாணலாக வந்தால்தான் முட்டை. இரண்டு மூன்று நிமிடத்தில் விளிம்பு கட்டியிருக்கும், நடுப்பகுதி தட்டை அசைத்தால் மெல்ல நடுங்கும், விரல் நுனியில் லேசாக ஒட்டும். மஞ்சள்கருவை அப்போது வையுங்கள். நன்றாகக் கட்டிய பிறகு வைத்தால் இரண்டும் ஒட்டாது. தட்டைத் தூக்கும்போது மஞ்சள் வழுக்கிக்கொண்டு தரைக்குப் போய்விடும். ஆகவே ஐந்து ஐந்து தட்டாக ஊற்றுங்கள், ஆசைப்பட்டு மொத்தமாக ஊற்றாதீர்கள். விளிம்பில் நாட்டுச்சர்க்கரைப் பாகை விரலால் தொட்டுத் தடவினால் கல்லில் முறுகியது போலிருக்கும். மிளகுத்தூளுக்குத் துருவிய சாக்லேட்.

எல்லாம் அன்று காலையில் செய்யுங்கள். முதல்நாளே செய்தால் கடல்பாசி தண்ணீர் விட ஆரம்பித்துவிடும், சுவை கெடாது என்றாலும் தோற்றம் போய்விடும். தேங்காய்ப்பால் சேர்ந்ததால், உருகாது என்ற தைரியத்தில் வெயிலில் விட்டுவைக்கவும் கூடாது. பரிமாறும்வரை குளிர்பெட்டியில் இருக்கட்டும்.

பரிமாறும்போது நறுக்கிய வாழை இலைத் துண்டின்மேல் வைத்து, தோசைத் திருப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் "மிளகு போடட்டுமா?" என்று கேளுங்கள். ஆனால் பத்து நொடிக்கு மேல் இழுக்காதீர்கள். முட்டை தொடாத வீட்டுக் குழந்தை ஒன்று பயந்து அழுதால் விளையாட்டு அங்கேயே கெட்டுவிடும். மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடிந்தால் மாம்பழம் நறுக்கும் வேலையையே அவரிடம் கொடுத்துவிடுங்கள். பால், தேங்காய் ஒத்துக்கொள்ளாத குழந்தை யாராவது வருகிறதா என்று பெற்றோரிடம் கேட்பதும் உங்கள் வேலை.

நிறத்துக்காகக் கடையில் சாயம் வாங்க வேண்டாம். 2024 பிப்ரவரியில் ரோடமின் பி என்ற துணிச்சாயம் கலந்திருப்பது தெரிந்து தமிழக அரசு பஞ்சு மிட்டாயைத் தடைசெய்தது நினைவிருக்கும். பங்கனபள்ளி மாம்பழமே போதுமான மஞ்சள். அதிலும் போதவில்லை என்றால் மஞ்சள்தூள் ஒரு கத்தி முனை அளவு.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. கடல்பாசி ஜெலட்டினைப் போல வாயில் கரையாது; மெல்லத்தான் வேண்டும். அழைத்தவர்களோடு தம்பி தங்கைகளும் வருவார்கள். நான்கு வயதுக்குக் கீழே இருந்தால் மஞ்சளை முழுசாகக் கொடுக்காமல் ஸ்பூனால் மசித்துக் கொடுங்கள். உறிஞ்சி விழுங்கும் போட்டியெல்லாம் பெரியவர்கள் யாரும் தொடங்கிவிடக் கூடாது. ஓடிக்கொண்டே சாப்பிடவும் விடாதீர்கள்.

மாம்பழம் இல்லாத மார்கழியில் உங்கள் வீட்டில் இன்னொரு பிறந்தநாள் வந்தால், வேகவைத்து அரைத்த பரங்கிக்காயைக் கொஞ்சம் பாலும் ஏலக்காயும் சேர்த்து இதே அளவில் மஞ்சள்கருவாக ஊற்றலாம். அதற்கு மட்டும் சர்க்கரை 2 மேசைக்கரண்டி கூடுதலாக வேண்டும்.