வருடம் திரும்பாத வீட்டிலிருந்து ஏற்காட்டுக்குப் போகலாமா?

வாசகர் கேள்விகள்
பதில் அளிப்பவர்: ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியை, சேலம்

கேள்வி: கடந்த ஐப்பசியில் என் அம்மா காலமானார். கடைசி இரண்டு வருடமும் படுக்கையில் இருந்தவரை நான்தான் பார்த்துக்கொண்டேன். இப்போதும் விடியற்காலையில் விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. வேலைக்குப் போகிறேன், சமைக்கிறேன், எதிலும் மனம் ஒட்டவில்லை. பங்குனியில் ஏற்காடு போய் இரண்டு நாள் நடந்துவிட்டு வா என்கிறார் அண்ணன். வருடம் திரும்பும்வரை மலை ஏறக்கூடாது என்கிறார் பெரியம்மா. பூ பார்க்கக் கிளம்புவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. போனால் இந்தப் பாரம் இறங்குமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: போய் வாருங்கள் அம்மா. அண்ணன் சொல்வது சரி.

பெரியம்மா சொல்வது மலைக்கோயில்களைப் பற்றியது. வருடம் முடியும்வரை பழனி, திருப்பதி என்று மலைக்கோயில்களுக்குப் போகாமல் இருப்பது நம் பக்கத்தில் பல குடும்பங்களின் வழக்கம். அதை மதியுங்கள். ஏற்காட்டின் உச்சியில் சேர்வராயன் குகைக்கோயில் இருக்கிறது. அதற்குள் போகாமல் வெளியிலேயே திரும்பிவிடுங்கள். சாலையில் நடப்பதற்கு யார் வீட்டு வழக்கமும் தடை சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. பெரியம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டே கிளம்புங்கள். ஒளித்துவிட்டுப் போனால் அந்தக் குறுகுறுப்பும் உங்களோடு பஸ் ஏறும்.

பாரம் இறங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இறங்காது. அதை எதிர்பார்த்துப் போனீர்களானால் முதல் நாள் மாலையே ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அந்தப் பாரத்தோடு நடக்க முடியும் என்பது அங்கே தெரியவரும். உங்களுக்கு இப்போது தேவைப்படுவது அதுதான் என்று நினைக்கிறேன்.

என் கணவர் ஒரு தை மாதம் போனார். பங்குனி பிறந்ததும் என் நாத்தனார் வந்தார். “அண்ணி, இரண்டு புடவை எடுத்து வையுங்கள்” என்றார், அவ்வளவுதான். அவருக்கும் அது கூடப்பிறந்தவரின் சாவு. மலைச்சாலையில் பஸ் ஏறும்போது இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடிவாரத்துக் காடு அந்த மாதத்தில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும்; மூங்கில்கூட வெளிறிக் கிடக்கும். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போகப் போகக் காற்று குளிர்கிறது, சில்வர் ஓக் மரங்கள் வருகின்றன, அவற்றின் நிழலில் காப்பித் தோட்டம் வருகிறது. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயரத்தில் 1,000 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருப்பதால், கீழே வெயில் கொளுத்தும் நாளிலும் மேலே ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். அந்தக் குளிர் முகத்தில் பட்ட பிறகுதான், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன் என்பது எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை எஸ்டேட் ஓரமாக நடந்தோம். காப்பி பூத்திருந்தது. பல ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்திய பூதான். காப்பியின் மொட்டுகள் பனிக்காலத்து வறட்சியில் வளராமல் அப்படியே உறங்கும். மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ ஒரு நல்ல மழை விழுந்தால், அதிலிருந்து எட்டுப் பத்து நாளில் மலைச்சரிவு முழுவதும் ஒரே சமயத்தில் பூத்துவிடும். இரண்டு மூன்று நாளில் எல்லாம் பழுப்பாகி உதிர்ந்துவிடும். இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவள், அந்தச் சரிவின் எதிரே நின்று பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

நீங்கள் போகும்போது பூத்திருந்தால் ஒரு கிளைக்கு அருகில் போய் நில்லுங்கள். கரும்பச்சை இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக இருக்கும், ஓரம் லேசாக நெளிந்திருக்கும். இலைகள் புறப்படும் கணுவில் வெள்ளைப் பூக்கள் தண்டே தெரியாதபடி நெருங்கி உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு பூவிலும் பெரும்பாலும் ஐந்து இதழ். நம் வாசலில் வளரும் இட்லிப்பூவும் காப்பியும் ஒரே தாவரக் குடும்பம். பூவின் அமைப்பைப் பார்த்தால் உறவு புரியும். வாசனை மட்டும் மல்லிகையை ஒத்தது. தேனீ கண்ணில் படுவதற்கு முன்பே அதன் ரீங்காரம் கேட்கும். நான் ஒரு கிளையை வளைக்கப் போனபோது, விறகுக் கட்டோடு வந்த ஒரு மலையாளிப் பெண்மணி (சேர்வராயன் மலையின் பழங்குடி மக்களுக்கு அதுதான் பெயர்) நின்றுவிட்டார். “தொடாதீர்கள் அம்மா. பூ உதிர்ந்தால் காய் இல்லை” என்றார். என் நெற்றியைப் பார்த்தவர் வேறு எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் எங்களுடனேயே நடந்து வந்து, ஒரு ஒற்றையடிப் பாதையில் பிரிந்து இறங்கிப் போனார்.

அன்று நான் அழுதேன். அதற்கு முன் வீட்டில், வருகிறவர்கள் முன்னால் அழுதிருக்கிறேன், அது வேறு. பூவைப் பார்த்து மனம் ஒரு கணம் மலர்ந்ததற்காக இறந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். உங்கள் அம்மாவை இரண்டு வருடம் தூக்கி உட்கார வைத்த கைகள் உங்களுடையவை. அந்தக் கைகளை வீசிக்கொண்டு ஒரு காலைப்பொழுது நடப்பதில் அவருக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது?

இனி நடைமுறை. ஈரோட்டிலிருந்து சேலம் வந்து, புதிய பேருந்து நிலையத்தில் ஏற்காடு பஸ் பிடியுங்கள். சனி, ஞாயிறு வேண்டாம்; மே மாதக் கோடை விழா சமயம் வேண்டவே வேண்டாம். தங்கப் போகும் இடத்துக்கு முன்கூட்டியே போன் செய்து, மழை பெய்ததா, காப்பி பூத்துவிட்டதா என்று விசாரியுங்கள். பூக்காவிட்டாலும் போகலாம். அந்த மாதத்தில் மாமரங்கள் செம்பு நிறத்தில் தளிர் விட்டிருக்கும். பச்சையம் நிறைவதற்கு முன் இளம் இலையை வெயிலிலிருந்து காக்கிற நிறமி அது. குக்குறுவான் பறவை ஒன்று எங்கோ உயரத்தில் உட்கார்ந்து விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். பச்சை உடம்பு இலையோடு கலந்துவிடுவதால் தேடிக் கண்டுபிடிக்க நேரமாகும். தேடுங்கள். அந்த நேரம் முழுவதும் மனம் மருந்துச் சீட்டுகளுக்கும் கடைசி நாட்களுக்கும் திரும்பாமல் இருக்கும்.

ஏரிக்கரையிலிருந்து சேர்வராயன் கோயில் பக்கம் போகும் சாலையில் இரண்டு நாளும் நடங்கள். ஒரே சாலை போதும். புதுப்புது இடமாகத் தேடிப் போனால் மனம் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடும். அதே வழியில் மறுநாளும் போனால் நேற்று மொட்டாக இருந்தது இன்று விரிந்திருப்பது கண்ணில் படும். போனைப் பையில் போட்டுவிடுங்கள்.

2015இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலரை ஒன்றரை மணி நேரம் நடக்க வைத்துப் பார்த்தார்கள். மரமும் புல்வெளியும் உள்ள இடத்தில் நடந்தவர்களுக்கு, ஒரே கவலையை மனத்துக்குள் அரைத்துக்கொண்டிருக்கும் போக்கு குறைந்திருந்தது. வாகன நெரிசலான சாலையில் நடந்தவர்களுக்குக் குறையவில்லை. அவர்கள் ஆராய்ந்தது நலமாக இருந்தவர்களை. உங்களைப் போல் துக்கத்தில் இருப்பவர்களுக்கு அதை அப்படியே பொருத்த மாட்டேன் என்றாலும், என் அனுபவம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் தூக்கமோ பசியோ இல்லாமல் போகிறது என்றால், அல்லது உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும், மலைக்கு முன் மருத்துவரிடம் போங்கள். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மாத்திரை எழுதிக் கொடுத்தால் சாப்பிடுங்கள். மாத்திரையும் நடையும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

கேள்வி: காதல் முறிவுக்குப் பிறகு யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை. மார்ச் மாதத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள் தனியாக மலையேற்றம் போகலாம் என்றிருக்கிறேன். வழி சொல்லுங்கள்.
- வாசகர், மதுரை

பதில்: வழி சொல்ல மாட்டேன் தம்பி. தனியாகவும் போகாதீர்கள், அந்த மாதத்தில் காட்டுக்குள்ளும் போகாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல் ஆள் உயரத்துக்கு நிற்கிற பருவம் அது. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நுழைவது சட்டப்படியும் தவறு. மனம் தளர்ந்தவருக்கு ஆபத்தை எடைபோடும் நிதானம் குறைவாக இருக்கும். அதனால்தான் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஊர்ச் சாலையிலும் எஸ்டேட் ஓரத்திலும், காலை வெயிலில், பேசாமல் உடன் வரும் ஒரு நண்பரோடு நடங்கள். இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். காட்டெருமைகள் இப்போது தோட்டங்களுக்கே வருகின்றன.

கேள்வி: மலைக்குப் போகப் பணமும் இல்லை, விடுமுறையும் இல்லை. எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது?
- வாசகி, சென்னை, தாம்பரம்

பதில்: உங்களுக்கு அருகிலேயே பறங்கிமலை இருக்கிறது. அதிகாலையில் படியேறி, மேலே சற்று உட்கார்ந்துவிட்டு வரலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் போகலாம். பங்குனி, சித்திரையில் உங்கள் தெருப் புங்கமரங்களைக் கவனியுங்கள். பழைய இலை உதிர்ந்த ஓரிரு வாரத்தில் வெளிர்பச்சையாகத் துளிர்த்து, பிறகு பூ உதிரத் தொடங்கும். அடியில் பொரி இறைத்தது போலக் கிடக்கும். பெருக்குபவர் வருவதற்கு முன் போய்ப் பாருங்கள்.

கேள்வி: மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு என் மனைவி சோர்ந்துபோய்விட்டார். குன்னூர் அழைத்துப் போனேன். “எவ்வளவு அழகாக இருக்கிறது, பார்” என்று நான் சொல்லும்போதெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். பணம் வீண் என்று தோன்றுகிறது.
- வாசகர், திருப்பூர்

பதில்: வீண் இல்லை ஐயா. ஆனால் அடுத்த முறை அந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிடுங்கள். அதைக் கேட்கிறவருக்கு, சந்தோஷப்பட்டுக் காட்டுவது ஒரு வேலையாகிவிடுகிறது. அவர் நிற்கும் இடத்தில் நில்லுங்கள், அவர் வேகத்துக்கு நடங்கள். தண்ணீர்ப் பாட்டிலையும் சால்வையையும் நீங்கள் சுமந்துகொள்ளுங்கள். மகள் பேச்சை அவர் எடுத்தால் தடுக்காதீர்கள். நடந்துகொண்டே பேசும்போது முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால் பல விஷயங்கள் சுலபமாக வெளியே வரும். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையை அவருக்குக் கொடுங்கள்.