ஒரு கரு வைத்தார்கள், இரட்டை எப்படி வந்தது?

"ஐ.வி.எஃப்.பில் ஐந்தாம் நாள் கரு ஒன்றைத்தான் வைத்தார்கள். 12 வார ஸ்கேனில் ஒரே நஞ்சில் (நஞ்சுக்கொடி) இரட்டைக் குழந்தை என்கிறார்கள். லேப்பில் வேறு யாருடைய கருவையாவது சேர்த்து வைத்திருப்பார்களோ? வாந்தியும் இடுப்பு வலியும் இருக்கிறது. தெரியாமல் அன்னாசி சாப்பிட்டுவிட்டேன். இரட்டை என்பதால் இரும்புச் சத்து மாத்திரையை இரண்டாகப் போடுகிறேன்."

உங்கள் சந்தேகத்துக்குப் பதில் அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. இரண்டு கருக்கள் வைத்திருந்தால் அநேகமாக இரண்டு நஞ்சு இருந்திருக்கும். உங்களுக்கு இருப்பது ஒன்று. வைத்த ஒரே கரு உள்ளே போய் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இயற்கைக் கர்ப்பத்தைவிட, ஐந்து நாள் வளர்த்து வைக்கும் கருவில் இது கொஞ்சம் கூடுதலாகவே நடக்கும். லேப் குளறுபடி வீடியோக்களை இனிப் பார்க்க வேண்டாம்.

அன்னாசியை மறந்துவிடுங்கள். வாந்தி, இடுப்பு வலி இரண்டும் இரட்டைக் கர்ப்பத்தில் சகஜம். தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் வாருங்கள். மாத்திரையை இரண்டாக்கச் சொன்னது யார்? எழுதிக் கொடுத்த அளவே போதும். மிச்சமெல்லாம் மலச்சிக்கலுக்குத்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் முக்கியம். ஒரே நஞ்சு என்றால் இரண்டு குழந்தைகளின் ரத்தக் குழாய்களும் அதற்குள் இணைந்திருக்கும். 100 பேரில் 10 முதல் 15 பேருக்கு, ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்கு அதிகமாகப் போய்விடும். கொடுக்கும் குழந்தையின் பனிக்குடம் வற்றும், வாங்கும் குழந்தையின் பனிக்குடம் நிரம்பி வீங்கும். விட்டுவைத்தால் இரண்டையுமே இழக்க நேரலாம். நேரத்தோடு தெரிந்தால் அந்த இணைப்புகளை லேசரால் அடைக்க முடியும்.

என்னிடம் வந்த ஒரு பெண், "திங்கட்கிழமை கட்டிய பாவாடை நாடா வெள்ளிக்கிழமை எட்டவில்லை டாக்டர்" என்றார். அதுதான் அறிகுறி. நான்கைந்து நாளில் வயிறு மளமளவென்று பெருத்து, தோல் பளபளவென இறுகி, படுத்தால் மூச்சு முட்டும். "இரட்டைன்னா வயிறு பெரிசாத்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு உட்காராமல் அன்றைக்கே ஸ்கேனுக்குப் போங்கள்.

வயிற்றில் தெரிவதற்கு முன்பே ஸ்கேனில் தெரியும் என்பதால், 16 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் கட்டாயம். மாதம் ஒன்று போதாது. இரு குழந்தைகளுக்கும் நடுவே சவ்வு இருக்கிறதா என்றும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இல்லையென்றால் தொப்புள்கொடிகள் சிக்கிக்கொள்ளலாம், கண்காணிப்பு முறையே வேறு. 16 வாரம் எந்தத் தேதியில் முடிகிறது என்று காலண்டரில் பார்த்து, ஸ்கேனுக்கு இப்போதே நேரம் வாங்கிவிடுங்கள்.