மணலி புதுநகரில் மாட்டுக்கொட்டகை: மழைக்கு முன் பார்க்க வேண்டியவை

மணலி புதுநகரில் கறவை மாடுகளுக்குக் கொட்டகை போடவிருப்பதாகவும், மழைக்காலத்தில் நீர் ஏறுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அங்கே பெய்யும் மழையைவிடப் பூண்டி ஏரியின் உபரிநீரே பெரிய தொல்லை. மதகுகளைத் திறந்துவிட்டால் அந்நீர் கொசஸ்தலையாற்றின் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தை நோக்கி வருகையில், வானம் வெளுத்திருந்தாலும் தாழ்வான மனைகளுக்குள் புகுந்துவிடும். 2021 நவம்பரில் வெள்ளம் எதுவரை நின்றது என்று அக்கம்பக்கத்தாரிடம் விசாரித்து, சுவரில் கறை இருந்தால் அதற்கு மேல் தரையை உயர்த்துங்கள். இடுப்பளவு நின்றிருந்தால், என்னைக் கேட்டால், வேறு இடம் பார்ப்பதே நல்லது.

கொட்டகையின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். வாடைக்காற்றில் சாரல் அடிக்கும் வடபுறக் கூரையைச் சற்றுத் தாழ்த்தி இறக்குங்கள். வைக்கோலைப் பரணில் ஏற்றுங்கள். நனைந்து பூஞ்சணம் பிடித்ததை, என்ன விலை கொடுத்திருந்தாலும், மாட்டுக்குப் போடாதீர்கள். தொண்டை அடைப்பான் தடுப்பூசியை ஐப்பசிக்கு முன்பே அரசு கால்நடை மருந்தகத்தில் போட்டுவிடுங்கள்.